அநாதை அலையின் தாயைத் தேடி: பிரையன் அட்வாட்டரும் 1700-ஆம் ஆண்டு கஸ்கேடியா நிலநடுக்கமும்

1700 ஜனவரி 26, இரவு சுமார் ஒன்பது மணி. வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிக் கடலுக்கடியில் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி வழுக்கியது. கரையோர நிலம் ஒரு ஆள் உயரம் வரை தாழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது.

இந்தத் தேதியையும் மணியையும் அந்தக் கரையில் அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஐரோப்பியர்கள் அங்கே குடியேற இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களிடம் கதைகள் இருந்தன, ஆனால் ஆண்டுக் கணக்கு எழுதும் வழக்கம் இல்லை. நிலநடுக்கமானி என்ற கருவியே பிறக்கவில்லை. அப்படியிருக்க, இரவு ஒன்பது மணி என்று இன்று நாம் எப்படிச் சொல்கிறோம்?

இந்த ஆய்வின் நடுவில் இருப்பவர் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய நிலவியலாளர் பிரையன் அட்வாட்டர். அவர் தனியாகச் செய்த வேலை அல்ல இது. மர வளையம் படிப்பவர்கள், ஜப்பானியப் பழைய ஆவணங்களைப் புரட்டியவர்கள், கணினியில் அலையை ஓடவிட்டவர்கள் என்று பலர் சேர்ந்து இழுத்த தேர். ஆனாலும் முதலில் வடம் பிடித்தவர் அவர்தான். நிலநடுக்க அறிவியல் என்றால் கருவி, வரைகோடு, எண் என்று நினைப்பவர்களுக்கு இவருடைய வாழ்க்கை ஒரு வியப்பு. இவருடைய முக்கியமான கருவி மண்வெட்டி. ஆய்வுக்கூடம், கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் சேற்றுக் கரை.

அமைதியாக இருந்த பிளவு

கஸ்கேடியா என்று சொல்லப்படும் பகுதி வடக்குக் கலிபோர்னியாவில் தொடங்கி ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் கரையோரமாகக் கனடாவின் வான்கூவர் தீவு வரை நீள்கிறது. இங்கே ஹுவான் டி ஃபூக்கா என்னும் சிறிய கடற்தட்டு, வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் ஆண்டுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வேகத்தில் நுழைந்துகொண்டிருக்கிறது. உலகத்தில் இப்படி ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடங்களில்தான் மிகப் பெரிய நிலநடுக்கங்கள் வந்திருக்கின்றன: 1960-இல் சிலி, அளவு 9.5, 1964-இல் அலாஸ்கா, அளவு 9.2.

கஸ்கேடியாவில் மட்டும் எழுத்து வரலாறு தொடங்கிய நாள் முதல் அப்படி ஒன்று வரவே இல்லை. அந்தத் தட்டு எல்லையில் சிறிய அதிர்வுகள்கூட அபூர்வம். அதனால் 1980-களின் தொடக்கம் வரை பல அறிஞர்கள், இங்கே தட்டுகள் சண்டையில்லாமல் வழுக்கிப் போகின்றன, பயப்பட ஒன்றுமில்லை என்றே எண்ணினார்கள். எண்ணெய் போட்ட கீல் மாதிரி. அமைதிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: இரண்டு தட்டுகளும் முழுக்கப் பூட்டிக்கொண்டு இறுகியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். விளைவுதான் வேறு.

வாஷிங்டன் மாநிலத்தின் சாட்சப் என்ற இடத்தில் அணுமின் நிலையம் கட்டும் வேலை நடந்த காலம் அது. அதனால் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக நிற்கவில்லை. நிலநடுக்க ஆய்வாளர்கள் டாம் ஹீட்டனும் ஹிரோ கானமோரியும் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கஸ்கேடியாவின் தட்டு இளமையானது, வெப்பமானது. அதே குணமுள்ள மற்ற இடங்களில், தெற்குச் சிலி, தென்மேற்கு ஜப்பான் போன்றவற்றில், பெரிய நிலநடுக்கங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இங்கும் வரலாம் என்றார்கள்.

அடுத்த ஆண்டே ஹீட்டன் இன்னொரு வேலை செய்தார். அதை நான் மிகவும் மதிக்கிறேன். பார்க் ஸ்னேவ்லி என்ற நிலவியலாளருடன் சேர்ந்து, பழங்குடி மக்களின் கதைகளைச் சுனாமிச் சான்றாகப் பார்த்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 1864-இல் ஜேம்ஸ் ஸ்வான் என்பவர் நியா பே என்னும் ஊரில் கேட்டு எழுதி வைத்த கதை அது. மக்கா இனத்தைச் சேர்ந்த பில்லி பால்ச் சொன்னது: ரொம்பக் காலத்துக்கு முன், ஆனால் அவ்வளவு பழைய காலமும் அல்ல, கடல் பின்வாங்கி, பிறகு பெருகி, சமவெளியைக் கடந்து வந்தது; படகுகள் மரங்களில் சிக்கின; பலர் இறந்தார்கள். நூற்றியிருபது ஆண்டுகளாக ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த சாட்சியம். அறிவியல் இதழ் ஒன்றில் அதற்கு இடம் கிடைத்தது சின்ன விஷயம் அல்ல.

சரி, ஒப்பீடு இருக்கிறது, கதை இருக்கிறது. தரையில் தடயம் எங்கே?

சேற்றைப் படிக்கக் கற்றவர்

அட்வாட்டர் நிலநடுக்க ஆய்வாளராகத் தொடங்கியவர் அல்ல. அவருடைய முந்தைய வேலைகளைப் பார்த்தால், 1986-இல் அந்தச் சேற்றுக்குப் போக அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று தோன்றும்.

முதலில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், நனைக்கும் சதுப்புகளையும், சாக்ரமெண்டோ, சான் ஹோவாகின் ஆறுகள் கூடும் கழிமுகத்தையும் ஆராய்ந்தார். கடல் மட்டத்துக்கு எத்தனை சாண் மேலே எந்தச் செடி வளரும், எது உப்புநீரைத் தாங்கும், எது தாங்காது என்பதெல்லாம் அங்கே அவருக்குக் கைப்பாடமானது. அப்புறம் கிழக்கு வாஷிங்டனின் சான்பாயில் பள்ளத்தாக்கில், பனியுகத்தின் கடைசியில் மிசூலா என்னும் பனி ஏரி உடைத்துக்கொண்டு பாய்ந்த வெள்ளங்களின் படிவுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். 89 வெள்ளப் படிவுகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஏரியில் ஆண்டுதோறும் படிந்த மெல்லிய களிமண் ஏடுகள். அவற்றை எண்ணினால் இரண்டு வெள்ளங்களுக்கு நடுவே எத்தனை ஆண்டு என்று தெரியும்.

எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும். எண்ணியதை நம்புவதற்கு, ஒரு படிவு திடீரென வந்ததா, மெல்ல வந்ததா என்று பிரித்தறியும் கண் வேண்டும். கஸ்கேடியாவில் அவருக்குத் தேவைப்பட்டது அந்தக் கண்தான்.

மண் சொன்ன வரிசை

1986 மார்ச் மாதம் அட்வாட்டர் நியா பே போனார். ஸ்வான் கதை கேட்ட அதே மக்கா மக்களின் நிலம். சதுப்பைத் தோண்டியபோது, சேற்றுக்கும் மணலுக்கும் கீழே ஒரு பழைய சதுப்பின் மண், அதில் வளர்ந்த புல்லின் மிச்சங்களோடு, புதைந்து கிடந்தது. மெல்ல மெல்லக் கடல் ஏறியிருந்தால் அந்தப் புல் மட்கிப் போயிருக்கும். சட்டென்று மூடப்பட்டதால் பிழைத்திருந்தது.

அந்த ஆண்டுக் கோடையில் சிறு படகில் ஏறி, தெற்கே வில்லாபா விரிகுடாவில் விழும் நியாவியாக்கம் போன்ற சிற்றாறுகளின் கரைகளைப் பார்த்துக்கொண்டே போனார். ஓதம் வற்றும் சில மணி நேரம்தான் வேலை. ஆற்றங்கரையின் செங்குத்துச் சரிவைச் சீவிவிட்டால், கேக் வெட்டியதுபோல அடுக்குகள் தெரியும். கீழே கறுப்பு மண்: ஒரு காலத்தில் புல்லும் மரமும் வளர்ந்த தரை. அதன் மேல், சில இடங்களில், மெல்லிய மணல் விரிப்பு. அதற்கும் மேல் சாம்பல் நிறச் சேறு: ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் படிவது.

இந்த வரிசைக்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தில் கரையோர நிலம் தாழ்ந்து, காடுகள் ஓதநீரில் மூழ்கிச் செத்தன. ஜார்ஜ் பிளாஃப்கர் அதை விரிவாக ஆவணப்படுத்தியிருந்தார். பூட்டிக்கொண்ட தட்டுகள் நெருக்கும்போது கரை நூற்றாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புடைக்கும். பூட்டு விடுபடும் நொடியில் புடைத்தது படக்கென்று தாழும். மேட்டில் இருந்த புல்வெளி ஒரே நாளில் ஓதத்தின் கைக்குள் வந்துவிடும். அதன் மேல் சேறு படியும். நடுவில் இருக்கும் மணல்? அது சுனாமி கடலிலிருந்து வாரிக் கொண்டுவந்து போட்டது. அதனால்தான் கடலிலிருந்து உள்ளே போகப் போக அது மெலிகிறது.

1987-இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: கடந்த 7000 ஆண்டுகளில் வாஷிங்டன் கரையோரத்தின் செழித்த தாழ்நிலங்கள் குறைந்தது ஆறு தடவை சேற்றில் புதைந்திருக்கின்றன, ஒவ்வொரு முறையும் நிலம் அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை சட்டெனத் தாழ்ந்திருக்கலாம், குறைந்தது மூன்று தடவை மேலே மணல் விரிப்பு இருக்கிறது.

இதற்கு மாற்று விளக்கங்கள் இல்லாமல் இல்லை. புயல் அலை மணலைக் கொண்டுவரலாம், ஆனால் புயல் நிலத்தை ஒரு மீட்டர் தாழ்த்தி நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே வைத்திருக்காது. ஆற்று வெள்ளம் என்றால் மணல் மேட்டுப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு மணல்திட்டு உடைந்து ஒரு கழிமுகத்தின் ஓதம் மாறியிருக்கலாம், ஆனால் ஒரே வரிசை பல கழிமுகங்களில் எப்படி வரும்? ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டினார்.

தனக்குச் சாதகமில்லாததையும் அவர் ஒளிக்கவில்லை. பெரிய அதிர்வு வந்தால் நீர் ஊறிய மணல் குழம்பி, மேலே உள்ள களிமண்ணைக் கிழித்துக்கொண்டு பீறிடும். கொலம்பியா ஆற்றின் கீழ்ப்பகுதித் தீவுகளில் அந்தத் தடயத்தைத் தேடியபோது கிடைத்தது, எதிர்பார்த்ததைவிட அடக்கமாகவே இருந்தது. நிலம் தாழ்ந்தது உறுதி, ஆனால் எவ்வளவு கடுமையாக ஆடியது என்பது தனிக் கேள்வி என்று அது நினைவூட்டியது. அதையும் எழுதி வெளியிட்டார்.

செத்தும் நின்ற மரங்கள்

அடுத்த சிக்கல் காலம். கொப்பாலிஸ் ஆற்றின் சதுப்பில், பட்டை உரிந்து வெளுத்துப்போன பெரிய ஊசியிலை மரங்கள் நின்றுகொண்டிருக்கின்றன. ரெட் சிடார் என்று அங்கே சொல்வார்கள். மூன்று நூற்றாண்டாகச் செத்தும் நிற்கின்றன, ஏனென்றால் அந்த மரம் எளிதில் உளுத்துப்போகாது. பேய்க்காடு என்ற பெயர் அந்தக் காட்சிக்குப் பொருத்தம்தான். பக்கத்தில் இருந்த ஸ்ப்ரூஸ் மரங்கள் உளுத்து விழுந்து, சேற்றுக்குள் வேர்க்கட்டைகள் மட்டும் மிஞ்சின.

மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் ரேடியோகார்பன் முறை இவற்றின் சாவை ஏறத்தாழ 1680-க்கும் 1720-க்கும் இடையில் வைத்தது. அதைவிட நுட்பமாகச் சொல்ல அந்த முறையால் முடியாது. இங்கேதான் பெரிய விவாதம் கிளம்பியது. வடக்கிலிருந்து தெற்கு வரை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே காலத் தேதி வருகிறது என்பது உண்மை. ஆனால் நாற்பது ஆண்டு இடைவெளிக்குள் அளவு 9 கொண்ட ஒரே நிலநடுக்கமும் வரலாம், அளவு 8 கொண்ட நான்கைந்து அடுத்தடுத்தும் வரலாம். கட்டடம் கட்டுபவருக்கும் கரையோரம் வாழ்பவருக்கும் இரண்டும் ஒன்றல்ல.

மர வளைய நிபுணர் டேவிட் யமாகுச்சி, செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் பழைய வெடிப்புகளை மரங்களைக் கொண்டு தேதியிட்டவர். அவர் கொப்பாலிஸ் மரங்களின் வளையங்களை, மேட்டில் உயிரோடு நின்ற முதுமரங்களின் வளையங்களோடு பொருத்தினார். வறட்சி ஆண்டில் மெலிந்த வளையம், மழை ஆண்டில் தடித்த வளையம். ஒரு வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் எழுதியிருக்கும். 1600-களின் இறுதி வரை பொருந்தியது. அதற்கு மேல் போக முடியவில்லை, ஏனென்றால் நின்ற மரங்களின் வெளி வளையங்கள் காற்றிலும் மழையிலும் தேய்ந்துவிட்டன. புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன மாதிரி.

ஜப்பானில் வந்த தாயில்லா அலை

கடலுக்கு அந்தப் பக்கம் வேறு கதை. ஜப்பானில் கெஞ்சி சடாகேயும் அவருடைய கூட்டாளிகளும் பழைய சுனாமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானியர்கள் சுனாமியை எழுதி வைப்பதில் கெட்டிக்காரர்கள். ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் கென்ரோகு 12-ஆம் ஆண்டு, 12-ஆம் மாதம், 8-ஆம் நாள், அதாவது 1700 ஜனவரி 27, நள்ளிரவில் குவாகசாக்கி என்ற மீனவ ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. 13 வீடுகள் அலையில் அழிந்தன. அதைத் தொடர்ந்து பிடித்த தீயில் மேலும் 20 வீடுகள் எரிந்தன. வீடிழந்தவர்களுக்கு அரிசி வழங்கியதை அதிகாரிகள் குறித்து வைத்தார்கள். தெற்கே தனாபே ஊரில் அரசுக் கிடங்குக்குள் தண்ணீர் போனது.

என் மனதில் தங்கியது மீஹோ ஊர்த் தலைவரின் குறிப்பு. காலையில் கடல் திரும்பத் திரும்ப ஏறி வடிவதைப் பார்த்து, முதியவர்களையும் குழந்தைகளையும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, நிலம் ஆடவில்லையே, பின் இது என்ன என்று குழம்பி எழுதியிருக்கிறார். நிலம் ஆடினால் அலை வரும் என்பது அந்த மக்களுக்குத் தெரியும். ஆட்டமே இல்லாமல் அலை மட்டும் வந்ததால் பின்னாளைய ஆய்வாளர்கள் அதை அநாதைச் சுனாமி என்றார்கள். பெற்ற நிலநடுக்கம் யாருக்கும் தெரியாது.

சடாகே குழுவினர் ஒவ்வொரு சாத்தியத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். புயலாக இருக்கலாமா? வானிலைக் குறிப்புகள் இடம் தரவில்லை. தென் அமெரிக்கா? பெருவிலும் சிலியிலும் ஸ்பானியர்கள் எழுதியவற்றில் அந்த நாளில் எதுவுமில்லை. கம்சாட்கா, அலாஸ்காவிலிருந்து கிளம்பும் அலையின் பரவல் ஜப்பானில் பதிவான வடிவத்தோடு சரியாக ஒத்துவரவில்லை. எஞ்சியது கஸ்கேடியா. அட்வாட்டரின் சேறு காட்டிய காலத்தோடும் அது பொருந்தியது. பசிபிக்கைக் கடக்க அலைக்குச் சுமார் பத்து மணி நேரம். நேரத்தைப் பின்னோக்கி எண்ணினால் அமெரிக்கக் கரையில் ஜனவரி 26 இரவு ஒன்பது மணி. ஜப்பானில் அவ்வளவு உயரத்துக்கு அலை எழ வேண்டுமென்றால் ஒரு துண்டுப் பிளவு போதாது. முழு நீளமும் ஒரே தடவையில் வழுக்கியிருக்க வேண்டும். அளவு 9-ஐ ஒட்டியிருக்க வேண்டும். 1996 ஜனவரியில் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார்கள்.

வேர்களிடம் கேட்ட கேள்வி

பலர் இங்கே நிறுத்தியிருப்பார்கள். எல்லாம் அழகாகப் பொருந்துகிறது, இன்னும் என்ன வேண்டும்? அட்வாட்டரும் யமாகுச்சியும் நிறுத்தவில்லை. ஜப்பானியக் கணக்கு சரியென்றால், அந்த மரங்கள் 1699-இன் வளர்பருவத்தை முடித்துவிட்டு, 1700-இன் வளர்பருவம் தொடங்கும் முன் செத்திருக்க வேண்டும். கடைசி வளையம் 1699. ஒன்று முன்னேயோ பின்னேயோ இருந்தால் கதை முடிந்தது. இவ்வளவு கறாராகத் தோற்கக்கூடிய சோதனை மண்ணியல் வரலாற்றில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

தண்டின் வெளிப்புறம் தேய்ந்துவிட்டது, ஆனால் வேர் சேற்றுக்குள் காற்றுப் படாமல் இருக்கிறதே? தோண்டினார்கள். பல கழிமுகங்களில் பெரிய மரங்களின் வேர்களை வெட்டிக் கழுவினார்கள். பட்டையோடு வேர்கள் கிடைத்தன. பட்டை இருந்தால் கடைசி வளையமும் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தண்டின் வளையங்களோடு பொருத்தி எண்ணியபோது, மரங்கள் 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் செத்தது தெரிந்தது. 1997-இல் அந்த முடிவு வெளியானது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள். வாஷிங்டன் சேற்றில் ஒரு வேர். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அரிசிக் கணக்கு எழுதிய ஒரு குமாஸ்தா. குளிர்கால இரவில் கடல் வந்து ஊரைக் கொண்டுபோனது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன வான்கூவர் தீவின் பெச்சினா பே மக்கள். குளிர்காலம், இரவு: அந்த இரண்டு விவரங்களையும் எழுத்தே இல்லாமல் அவர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

அதன் பின்

அட்வாட்டரின் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1992-இல் ஆண்ட்ரூ மூருடன் சேர்ந்து, சியாட்டில் நகரத்தின் அடியிலுள்ள பிளவு சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பியூஜெட் சவுண்டு நீர்ப்பரப்பில் ஒரு சுனாமியைக் கிளப்பியதைக் காட்டினார். 2005-இல் சிலி நாட்டு ஆய்வாளர் மார்கோ சிஸ்டெர்னாஸ் தலைமையில், 1960 நிலநடுக்கத்துக்கு முன் அதே இடத்தில் வந்தவற்றைச் சேற்றில் படித்த குழுவில் இருந்தார். அந்த ஆண்டு டைம் இதழின் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

நம் கரைக்கு நெருக்கமான ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அட்வாட்டர் தாய்லாந்தின் ப்ரா தோங் தீவில், சுலாலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் குருவாவுன் ஜன்கேவோடு தோண்டினார். மணல்மேடுகளுக்கு இடைப்பட்ட ஈரப் பள்ளங்களில், கறுத்த மண்ணுக்கு நடுவே, 2004-இன் வெள்ளை மணல். அதன் கீழே இன்னொரு வெள்ளை மணல். அதற்கு வயது 550 முதல் 700 ஆண்டு. இப்படியொரு அலை இந்தக் கடலில் முன்பே வந்திருக்கிறது. மண் அதைக் குறித்து வைத்திருந்தது. 2004-க்கு முன் யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. 2008-இல் வெளியான அந்தக் கட்டுரையை நாகப்பட்டினத்தை நினைக்காமல் என்னால் படிக்க முடிந்ததில்லை.

கஸ்கேடியாவில் கேள்விகள் தீர்ந்துவிடவில்லை. கடலடிச் சரிவுகள் விட்டுப்போன படிவுகளைக் கொண்டு, கடந்த 10,000 ஆண்டுகளில் முழு நீளப் பிளவுகள் 19 என்று கிறிஸ் கோல்ட்ஃபிங்கர் குழு கணக்கிட்டது. சராசரியாக ஐந்நூறு ஆண்டுக்கு ஒன்று. ஆனால் இடைவெளிகள் சீராக இல்லை, தெற்குப் பகுதி தனியாகவும் அசைந்திருக்கிறது. 1700-இல் நடந்தது ஒரே பிளவா, சில ஆண்டுகளுக்குள் தொடர்ந்த பல பிளவுகளா என்று மறுபடி கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

அங்கே வாழ்பவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1990-களிலிருந்து கட்டட விதிகள் கடுமையாயின. வாஷிங்டன் கரையின் வெஸ்ட்போர்ட் ஊர் தாழ்ந்த மணல் நிலம், ஓடி ஏறப் பக்கத்தில் குன்று கிடையாது. அந்த ஊர் மக்கள் வாக்களித்துத் தங்கள் பணத்தில் ஒகோஸ்டா தொடக்கப் பள்ளியைப் புதிதாகக் கட்டினார்கள். 2016-இல் திறந்த அந்தப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக் கூரையில் ஆயிரம் பேர் ஏறி நிற்கலாம். வட அமெரிக்காவில் சுனாமிக்கென்று கட்டிய முதல் உயரத் தஞ்சம் அது. கூரை எவ்வளவு உயரம், தூண்கள் எவ்வளவு ஆழம் என்பதை, கஸ்கேடியா முழு நீளத்துக்கும் பிளந்தால் வரும் அலையை வைத்துக் கணக்கிட்டார்கள்.